மாத்திரையிலும் பை டூ

மைசூருக்குக் குடிவந்த புதிதில் நானும் என் மனைவியும் எதற்கெடுத்தாலும் பை டூதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஓட்டலில் ஒரு காபி சொன்னால் இரண்டு சின்னத் தம்ளரில் பாதிப் பாதியாக வரும். அவள் தன் பாதியிலிருந்து ஒரு வாய் என் தம்ளரில் சரித்துவிட்டு, பல் அத்தனையும் தெரியச் சிரிப்பாள். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும். அந்தச் சிரிப்புக்கு இன்றும் ஏங்குகிறேன்.

ஒருமுறை எனக்கு ஈறு வீங்கிச் சீழ் வைத்தது. நான் வேலை பார்த்த நஞ்சன்கூட்டு ஃபேக்டரிக்கு லீவு போட்டுவிட்டுப் பல் டாக்டரிடம் போனேன். ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்து, வீக்கம் வடிந்ததும் ஈறுக்கு அடியில் சுத்தம் செய்ய வரச் சொன்னார். அவளுக்கும் பல் தேய்க்கும்போது ரத்தம் வந்துகொண்டிருந்தது. இதற்கென்று தனியாக ஒரு டாக்டரா என்று, பதினைந்து மாத்திரையை எனக்கு எட்டு, அவளுக்கு ஏழு எனப் பிரித்துக்கொண்டோம். பெரிய புத்திசாலிகள் என்ற நினைப்பு வேறு! மூன்றே நாளில் என் வலி போயிற்று. சுத்தம் செய்யவும் போகவில்லை.

"உனக்குச் சரியாப் போச்சா?" என்று கேட்டேன்.

"போச்சுங்க" என்றாள். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து அவள் முன்பல் ஆட ஆரம்பித்தது. அதே டாக்டரிடம் கூட்டிப்போய் நடந்ததைச் சொன்னேன்.

"ஏன் ஸ்வாமி, மாத்திரையிலுமா பை டூ?" என்று கன்னடத்தில் வாங்கு வாங்கென்று வாங்கினார். உங்களுக்குக் கொடுத்ததை அவருக்குக் கொடுத்ததே தப்பு, சுத்தம் செய்யாமல் வெறும் மாத்திரையால் ஈறு நோய் போகாது என்றார். பல்லைப் பிடித்திருந்த எலும்பு கரைந்துவிட்டிருந்தது. எடுக்கத்தான் வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து, பல் எடுத்த இடத்தில் மாற்றிவைக்கப் பஞ்சு தேடி அலமாரியைத் துழாவினேன். அவள் புடவைக்கு அடியில் ஏழு மாத்திரைகள் இருந்தன. ஒன்றைக்கூட அவள் பிரித்திருக்கவில்லை.

"உங்களுக்கு மறுபடி வீங்குனா வேணுமேன்னு எடுத்து வெச்சேனுங்க" என்றாள், பஞ்சு வைத்த வாயோடு. கோபம்தான் முதலில் வந்தது. கத்தினேன். பிறகு அழுதுவிட்டேன்.

இப்போது கட்டுப்பல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பை டூவும் இருக்கிறது. அவள் தம்ளர் என் பக்கம் சாய்ந்தால் என் தம்ளரைக் கையால் மூடிக்கொள்கிறேன். அவள் சிரிக்கிறாள், வாயைக் கையால் மூடிக்கொண்டு.