ஐம்பத்து மூன்றாம் நாள்

பெரிய காஞ்சிபுரத்தில் சம்பூர்ணத்தைத் தெரியாத நெசவுக்காரர் வீடு கிடையாது. அவளுடைய நெசவு மட்டும் அதற்குக் காரணமில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் தெரு நெசவாளர் சங்கத்தின் தலைவர் பதவிக்கு நின்று, ஒன்பது ஓட்டில் தோற்று, மறுநாள் விடியற்காலையிலேயே ஜெயித்தவர் வீட்டுப் பாவு நூலைப் பிடிக்கப் போனவள் என்று பெயர்.

தறியில் ஏற்றுவதற்கு முன் புதுப் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு நீட்டும்போது கண்ணில் படுகிற எல்லோரும் ஒரு கை பிடிக்க வேண்டும். அந்தப் பக்கத்து வழக்கம் அது. பேச்சு வார்த்தை இல்லாத வீட்டுக்காரர்கள் மட்டும் பிடிக்க மாட்டார்கள். பிடித்துவிட்டால் சண்டை முடிந்தது என்று அர்த்தம். வாயால் ஒரு சொல் பேச வேண்டியதில்லை.

இந்த வருஷம் மறுபடி தேர்தல். அன்றைக்கு ஜெயித்த வேணுகோபாலே மூன்றாம் தடவையாக நிற்கிறார். எதிர்த்து நிற்பவள் காயத்ரி. நாற்பது வயது, சொந்தத் தறி இரண்டு, யாருக்கும் அடங்காத வாய். சங்கம் மொத்தமாக நூல் வாங்கிப் பாவாக்கி நூற்றுப் பதினாறு தறிக்கும் கொடுக்கிறதே, யாருக்கு எந்தத் தேதியில் கொடுத்தது என்று பட்டியல் ஒட்டுங்கள் என்றாள். அவ்வளவுதான் அவள் கேட்டது. அதற்குள் டீக்கடையில், கோயில் வாசலில், வாட்ஸப் குரூப்பில் எல்லாம் ஒரே பேச்சு. அந்தப் பழைய தேர்தல் எப்படி இருந்தது, இந்தத் தேர்தல் எப்படி நாறுகிறது பார் என்று. அன்றைக்குத் தோற்றவர்களுக்கும் பெருந்தன்மை இருந்ததாம். இன்றைக்கு நிற்கிறவர்களுக்கு மரியாதையே தெரியவில்லையாம்.

வேட்புமனுவைத் திரும்பப் பெற அன்று மத்தியானம் மூன்று மணி வரை நேரம். பதினோரு மணிக்குக் காயத்ரி சம்பூர்ணத்தின் வீட்டுக்கு வந்து, தறியில் உட்கார்ந்திருந்தவளிடம் கைபேசியை நீட்டினாள். சம்பூர்ணம் பாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பழைய படம். கீழே பெரிய எழுத்தில், தோற்ற மறுநாளே வந்த தாயுள்ளம், நமக்குப் போட்டி எதற்கு, ஒற்றுமை போதும் என்று போட்டிருந்தது.

“வாபஸ் வாங்கப் போறேன்கா,” என்றாள் காயத்ரி. “வீட்லயும் இதையே காட்டிக் காட்டிப் பேசறாங்க. நீங்களே வுட்டுக் குடுத்தீங்க. நா எந்த மூலை?”

சம்பூர்ணம் கைபேசியை வாங்கினாள். படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஊடுநூல் ஓட்டும் நாடாவைக் கீழே வைத்தாள். கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்று கோக்கிற புடவைக்குத் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கணவர் நமச்சிவாயமும் கையை நிறுத்தினார். காயத்ரி போன பிறகு மெதுவாகச் சொன்னார், இத்தனை வருஷம் கழித்து எதற்கு, நமக்கும் அதனால் நல்ல பேர்தானே என்று.

அந்த நல்ல பேர் என்ற வார்த்தையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வேணுகோபால் மேல் இருந்த ஆத்திரத்தை விடத் தன் மேல் இருந்தது பெரிதாக இருந்தது. கல்யாண வீடுகளில் அவளை முன்வரிசையில் உட்காரவைத்து, இவங்கதான் அந்தச் சம்பூர்ணம் என்று காட்டும்போதெல்லாம் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள்தான். ஒரு தடவைகூட மறுக்கவில்லை.

சங்கத்துக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது இரண்டரை மணி. முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். காயத்ரி கையில் வாபஸ் கடிதம். வேணுகோபால் நடுவில் உட்கார்ந்து, அந்தத் தேர்தலில் ஒரு சத்தம் உண்டா, ஒரு சண்டை உண்டா என்று கதை சொல்லிக்கொண்டிருந்தார். சம்பூர்ணத்தைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போடச் சொன்னார்.

அவள் உட்காரவில்லை. காயத்ரியிடம் கைபேசியை வாங்கி, படத்தைப் பெரிதாக்கி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பிடித்தாள்.

“அந்தத் தேர்தல் எந்த மாசம் நடந்துது தலைவரே?”

ஐப்பசி என்று நாலைந்து பேர் சொன்னார்கள்.

“கீழ பாருங்க. வாசலுக்கு வாசல் கோலம். நடுவுல சாணிப் புள்ளையார், தலைல பூசணிப் பூ. ஐப்பசில எந்த வூட்லபா பூசணிப் பூ வெக்கறாங்க?”

ஒவ்வொருவராகத் தங்கள் கைபேசியை எடுத்துப் பார்த்தார்கள். அந்தப் படம் எல்லோருடைய கைபேசியிலும் இருந்தது. பூவை மட்டும் ஒருவரும் பார்த்திருக்கவில்லை.

“மார்கழிப் படம் இது. மறுநாள் இல்ல. அம்பத்தி மூணாம் நாள். அம்பத்தி மூணு நாளும் என் தறி காலி. பாவு இன்னும் வர்லம்மா, பாவு இன்னும் வர்லம்மான்னு தலைவரு இவரு சொல்லிக்கினே இருந்தாரு. பக்கத்து வூட்ல தறி ஓடுது, எனக்கு மட்டும் வர்ல. புள்ளைங்க மூஞ்சியப் பாக்க முடியாமத்தான் போய் இவரு வூட்டுப் பாவப் புடிச்சேன். அன்னைக்கு சாய்ங்காலமே என் வூட்டுக்குப் பாவு வந்துடுச்சி. பெருந்தன்மையாம். பசிய்யா அது.”

அந்த ஆத்திரத்தில் அழுகைக்கு இடமில்லை.

காயத்ரி அவளைப் பார்த்த பார்வையில் நன்றி இல்லை. “இத்தினி வருஷம் ஏங்க்கா வாயத் தொறக்கல? உங்களக் காட்டித்தான எங்க எல்லாரையும் அடக்கினாங்க?” என்றாள். தப்புதான் என்று மட்டும் சம்பூர்ணம் சொன்னாள். காயத்ரி கடிதத்தை நாலாகக் கிழித்து மேஜை மேலேயே வைத்தாள். மணி மூன்றாகும்வரை அங்கேயே நின்றாள். யாரும் அவளைச் சமாதானம் செய்ய வரவில்லை.

கூட்டம் கலையும்போது வேணுகோபால் சம்பூர்ணத்தின் பக்கமாக வந்தார். முகத்தில் கோபமே இல்லை. வீட்டு மனுஷர் மாதிரி விசாரித்தார்.

“உன் தறில இப்போ பாவு எவ்ளோம்மா இருக்குது?”

“ஒரு பொடவைக்கு இருக்குது. பன்னெண்டு நாள் நெய்வேன்,” என்றாள் சம்பூர்ணம். “ஓட்டு இன்னிலேந்து பத்தாம் நாளு. அதுக்குள்ள என் தறி காலியாவாது.”