கறுப்பு நூலால் பொத்திய வலை

உங்கள் அப்பப்பாவைக் கள்ளன் என்று சொன்ன மனிதர் இன்னமும் மயிலிட்டியில், எங்களுக்குப் பக்கத்து ஒழுங்கையில்தான் இருக்கிறார். அவர் பெயரை எழுத எனக்கு மனமில்லை. வள்ளங்கள் வைத்திருந்தவர் என்பதால் ஊரார் சம்மாட்டியார் என்பார்கள். நீங்களும் அப்படியே தெரிந்துகொள்ளுங்கள், பிள்ளைகளே.

ஷெல் அடி தொடங்கி ஊரே வெளிக்கிட்டபோது, என் ஐயா, அதாவது உங்கள் அப்பப்பா, தன் வலையை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று நின்றார். முழு வலையையும் சைக்கிளில் கட்ட முடியவில்லை. மிதவைக் கட்டைகள்தான் இடத்தை அடைத்தன. ஆகவே கத்தியை எடுத்து அவற்றையெல்லாம் வெட்டி எறிந்தார். ஒன்றை மட்டும் சாரத்து மடியில் செருகிக்கொண்டார். அங்கேதான் பிழை நடந்தது. எங்கள் கரையில் ஒவ்வொரு குடும்பமும் தன் அடையாளத்தைக் கட்டையில்தான் வெட்டும். எங்களுடையது மீன்வால் மாதிரி இரண்டு வெட்டு. கட்டை இல்லாத வலை யாருடையதும் ஆகலாம்.

அகதி முகாமில் அந்த வலையைக் காயப் போட்டிருந்தபோது சம்மாட்டியார் வந்து பார்த்தார். பிறகு சனத்தைக் கூட்டிவந்தார்.

“உது என்ரை வலை. நடுவிலை கறுப்பு நூலாலை பொத்தியிருக்கு, பாருங்கோ. ஆமை கிழிச்ச இடம். என்ரை ஆக்கள்தான் பொத்தினவை.”

கறுப்பு நூலால் பொத்தியது ஐயா. பக்கத்தில் இருந்து பொத்தியவர்கள் படகேறி அக்கரைக்கு, இந்தியாவுக்குப் போய்விட்டார்கள்; சாட்சி சொல்ல ஆளில்லை. ஐயா மடியில் இருந்த கட்டையை எடுத்துக் காட்டினார். ஒற்றைக் கட்டையை எவனும் வெட்டலாம் என்று சம்மாட்டியார் சிரித்தார். பெரிய மனிதர் பொய் சொல்வாரா என்று சனம் முடிவெடுத்தது. வலை போனது. ஐயா தொண்டைமானாற்றில் மற்றவர்களின் வள்ளத்தில் கூலிக்குப் போனார். தண்ணீர் வரிசையில் நின்ற என்னைக் “கள்ளன்ரை பெடியன்” என்று கூப்பிட்டார்கள். இராணுவம் பிடித்து வைத்திருந்த ஊர் திறபட முன்னரே ஐயா செத்துப்போனார். அந்தச் சொல் அவரோடு சுடலை வரை போனது.

நாங்கள் திரும்பி வந்த பிறகு, பல்கலைக்கழகப் பிள்ளைகள் சிலர் கரையோர ஊர்களின் பழைய படங்களையும் காணி உறுதிகளையும் சேர்த்து, வயதானவர்களின் கதைகளைப் பதிவுசெய்தார்கள். ஊர் மண்டபத்தில் கண்காட்சி வைப்பதாக ஏற்பாடு. பெரிய படிப்பு இல்லாத நான் பலகை அடிக்கப் போனேன். அங்கே ஒரு மாணவி கணினியில் ஒரு படத்தைக் காட்டி, இதில் இருக்கிறவர்களில் யாரையாவது தெரிகிறதா என்று கேட்டாள்.

மானிப்பாய்ப் பக்கமிருந்து வந்த படக்காரர் ஒருவர் எங்கள் கரையில் எடுத்த படம். இளவயதுச் சம்மாட்டியார் வெள்ளைச் சேட்டோடு, காயும் வலை ஒன்றில் கையை வைத்து நிற்கிறார். அவருடைய காலடியில், குனிந்து கட்டை வெட்டுகிறார் என் ஐயா. மாணவி படத்தைப் பெருப்பித்தாள். வலையின் நடுவில் கறுப்பாய்ப் பொத்திய இடம். அதற்கு மேலே, கட்டைக்குக் கட்டை, மீன்வால்.

படத்தைத் தந்தது யார் என்று கேட்டேன். சம்மாட்டியாரே தந்தாராம். தான் வடிவாக நிற்பதை மட்டும் பார்த்திருக்கிறார். காலடியில் இருந்தவரை அவர் எப்போதுதான் பார்த்தார்?

முழுக் கதையையும் மாணவிக்குச் சொன்னேன். படத்தைக் கதவளவு பெரிதாக்கி வாசலுக்கு நேரே வைக்கவேண்டும் என்றேன். அவள் தயங்கினாள்.

“அவர் வயது போனவர், அண்ணை.”

“எங்கடை ஐயா வயது போகமுதலே செத்திட்டார், தங்கச்சி.”

அவள் படத்தைப் பெரிதாக அச்சடிக்கக் கொடுத்தாள். தனியே போய் அவரிடம் காட்டியிருக்கலாம் என்று உங்கள் அம்மா இன்றைக்கும் சொல்கிறாள். தனியே சொன்ன பழி என்றால் தனியே திருப்பிக் கொடுத்திருப்பேன்.

கண்காட்சியன்று விளக்கேற்றச் சம்மாட்டியாரையே அழைத்திருந்தார்கள். மாலையோடு வந்தவர் தன் படத்தைக் கண்டு மலர்ந்து, பக்கத்தில் நின்றவர்களுக்கு “உது நான்தான்” என்று காட்டினார். நான் ஐயாவின் கட்டையைக் கொண்டுபோய்ப் படத்துக்குக் கீழே மேசையில் வைத்தேன். ஊர்ச்சனம் கட்டையைப் பார்த்தது, படத்தைப் பார்த்தது. முகாமில் அன்றைக்கு இருந்தவர்கள் பலர் அங்கே நின்றார்கள்.

“சம்மாட்டியார், உந்தக் கறுப்பு நூல் பொத்தின வலை ஆருடையது?” என்று கேட்டேன்.

அவர் படத்துக்குக் கிட்டப் போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். எனக்கு இரக்கம் வரவில்லை.

“உது பழைய கதை, தம்பி.”

“ஓம். பழைய கதை பாக்கத்தானே எல்லாரும் வந்திருக்கினம்.”

யாரோ ஒரு மனுசி பின்னால் சிரித்துவிட்டாள். ஐயாவோடு கூலிக்குப் போன கிழவர் ஒருவர் கட்டையைக் கையில் எடுத்து, கண்ணில் ஒற்றி வைத்தார். சம்மாட்டியார் விளக்கேற்றாமலே வீட்டுக்குப் போனார்.

படத்தைத் திருப்பித் தரச்சொல்லி மகனை அனுப்பினார். படம் அவருடையதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அவரே வந்து, பகலில், சனம் பார்க்கக் கழற்றிக்கொண்டு போகட்டும் என்று சொல்லியனுப்பினேன். வரவில்லை. கண்காட்சி முடிந்ததும் நான் கொண்டுவந்தேன்; இப்போது அது நாங்கள் வலை பொத்தும் கொட்டிலில் தொங்குகிறது. துறைமுகத்துக்கு நேர்வழி கொட்டிலுக்கு முன்னால்தான் போகிறது. அவர் பனங்காணியால் சுற்றிப் போகிறார்.

மன்னிக்கவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். அதைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் பனைகளுக்கு நடுவே தடியூன்றிப் போகும்போது, நான் நூலைக் கீழே வைத்துவிட்டு, அவர் மறையும் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன்.