ஒரே மூச்சில் கிண்டி வரை

டாக்டர் வேதகிரி போய்விட்டார் என்பதை மருந்துக்கடைக்காரர்தான் சொன்னார். தலைவலி மாத்திரைக்காகப் போயிருந்தேன். கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. "நம்ம டாக்டர் விடிகாலைல போய்ட்டாராம் சார்" என்றார். மாத்திரை வாங்காமலே திரும்பிவிட்டேன்.

இரும்புலியூரில் அவரிடம் திட்டு வாங்காதவர்கள் குறைவு. இதைப் படிக்கும் உங்களில் பலரும் வாங்கியிருப்பீர்கள். காய்ச்சல் என்று போனால், அதற்கு முன்னால் என்ன, அதற்கும் முன்னால் என்ன என்று போலீஸ்காரர் மாதிரி பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போவார். டோக்கனோடு வெளியே உட்கார்ந்திருக்கும் நமக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்கும் அப்படித்தான் இருந்தது, என் மனைவி சாந்தி படுக்கையில் விழும்வரை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலம். எங்கள் தெருக் கிணறுகளில் சாக்கடை கலந்து, வீட்டுக்கு வீடு வயிற்றுப்போக்கு. சாந்திக்கும் வந்தது, சரியாகிவிட்டது. இரண்டு வாரம் போயிருக்கும், பாதம் மரத்துப்போகிறது என்றாள். வயிற்றால் போனால் கால் ஓயத்தானே செய்யும் என்று என் அக்கா முட்டையும் ஹார்லிக்ஸுமாகக் கொடுத்தாள். எங்கள் வீட்டில் எந்த வியாதிக்கும் சாப்பாடுதான் முதல் மருந்து. மறுநாள் மாம்பலத்து ஆபீசுக்குக் கிளம்பியவள், படி இறங்க முடியாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் வீட்டுக்கே வந்தார். முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் அசையவில்லை. அதற்கு முன்னால் என்ன என்று ஆரம்பித்தார். வயிற்றுப்போக்கு விஷயத்தை எங்களில் யாரும் சொல்லவில்லை. போன வியாதியை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்? அவர்தான் விடாமல் கேட்டு வாங்கினார். பிறகு, செயற்கை மூச்சு கொடுக்கும் மெஷின் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கிளம்புங்கள் என்றார்.

எங்கள் குடும்பத்தில் அண்ணன் வைத்ததுதான் சட்டம். ரோடெல்லாம் தண்ணீர் நிற்கிறதே என்றார் அவர். "நல்லாத்தானே பேசிகினு கீறா சார். நாளிக்குப் பாத்துக்கலாம்."

அன்று டாக்டர் திட்டவில்லை. எனக்கு முதலில் பயம் வந்தது அதனால்தான். சாந்தியிடம், தாம்பரத்திலிருந்து ஸ்டேஷன் பெயர்களை ஒரே மூச்சில் சொல்லச் சொன்னார். தினமும் மின்சார ரயிலில் போகிறவள், தூக்கத்தில் கேட்டாலும் பீச் வரை சொல்வாள். அன்று ஒன்பதாவது ஸ்டேஷனான கிண்டியிலேயே மூச்சு வாங்கினாள். அண்ணன் சிரித்தார். டாக்டர் கிளினிக்குக்குப் போய், மதியம் கூப்பிடாமலே திரும்பி வந்தார். மறுபடியும் சொல்லச் சொன்னார். தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம். அதற்கு மேல் வரவில்லை. அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

"கால்ல ஆரம்பிச்சது மூச்சுக்கு ஏறிட்டிருக்கு. திணறட்டும்னு காத்திருந்தா லேட்டாயிடும்" என்றார் டாக்டர்.

அண்ணனே ஓடிப்போய்க் கார் பிடித்து வந்தார். டாக்டர் பின் சீட்டில் அவள் நாடியைப் பிடித்தபடி உட்கார்ந்து வந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்த சற்று நேரத்துக்கெல்லாம் தொண்டையில் குழாய் வைத்துவிட்டார்கள். ஒரு நாள் தாமதித்திருந்தால் இந்த அஞ்சலியை எழுத எனக்கு மனம் இருந்திருக்காது.

மெஷினோடு அவள் கிடந்த வாரங்களில், கிளினிக் முடிந்ததும் டாக்டர் ரயிலேறி வந்துவிடுவார். வயிற்றில் வந்த கிருமிக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று வராந்தாவில் கேட்டேன். அவர் சொன்னது இது: தெருவில் திருடன் புகுந்தான், ஊரே கட்டையோடு திரண்டது. திருடன் போன பிறகும் கட்டை கையில் இருக்கிறது. அதே நிறச் சட்டை போட்ட வீட்டுக்காரர் எதிரே வருகிறார், அவருக்கு அடி விழுகிறது. கிருமியின் மேலுறை நரம்பின் உறையைப் போல இருப்பதால், கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கியது சொந்த நரம்பையே தாக்குகிறது. இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறார்கள், இன்னும் முழுசாகத் தெரியவில்லை என்றும் சேர்த்துச் சொன்னார்.

தெருவே அந்தத் தண்ணீரைத்தானே குடித்தது, இவளுக்கு மட்டும் ஏன் என்று கத்திவிட்டேன்.

"தெரியாது சார்" என்றார். "தெரிஞ்ச மாதிரி ஏதாவது சொன்னா உங்களுக்கு ஆறுதலா இருக்கும். ஆனா நெஜமாவே எனக்குத் தெரியாது."

அந்த நேரம் அவர்மேல் ஆத்திரம்தான் வந்தது. பிற்பாடு எத்தனையோ பெரிய மனிதர்களைப் பார்த்துவிட்டேன். அந்த வார்த்தையை அப்படி நேராகச் சொல்ல ஒருவருக்கும் வரவில்லை. சாந்திக்கு மூச்சு திரும்பியது, பிறகு கை, கடைசியாகக் கால். சுவரைப் பிடித்து நிற்கவே மாதங்கள் ஆயின.

மருந்துக்கடையிலிருந்து திரும்பி வந்து செய்தியைச் சொன்னதும் அவள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து அழுதாள். முகம் கழுவிப் புடவை மாற்றிக்கொண்டாள். ஆட்டோ கூப்பிடக் கிளம்பினேன். வேண்டாம் என்றாள்.

"அவர் வூட்டுக்கு நடந்தே போலாங்க."

வலது பாதம் இன்னும் லேசாக இழுக்கும். ஆனாலும் எங்கேயும் நிற்காமல் எனக்கு முன்னால் போனாள். அவரிடமிருந்து எனக்கென்று இருப்பது என்ன என்று யாராவது கேட்டால், அப்படி நடந்து போகிற இவளைத்தான் காட்டுவேன்.