கடலுக்கு முதுகு காட்டிய வேன்

துறைமுகத்துக்குப் போகும் வழியிலுள்ள தேநீர்க்கடையில்தான் அவரைச் சந்தித்தேன். கிண்ணியாவிலிருந்து மீன் ஏற்ற வந்தவர். வெண்தாடியும் வெயிலில் கறுத்த முகமுமாகக் கதிரையின் நுனியில் இருந்தார். தேநீர் வந்த பிறகும் இரண்டு தடவை எழும்பிப்போய், கடலுக்கு முதுகு காட்டி நின்ற தன் வேனை ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு வந்தார். பார்க்கப் பார்க்க எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை.

“ஏன் நானா, வேன் பழுதோ?”

“இல்ல தம்பி, சும்மா பாக்கிறன்.”

“இவ்வளவு காலமும் நீங்கள் ஓடின வாகனங்களில எது திறம்?”

“வேன் சொகுசு. அதுக்கு முதல் வச்சிருந்த ஓட்டோ பெற்றோல் குடிக்காது. ஆனா எல்லாத்துக்கும் மேல அந்தப் பழைய மோட்டார் சைக்கிள்தான். சுனாமியில கடல் ஊருக்குள்ள வந்த அண்டைக்கு பொண்டாட்டி புள்ளைகள ஏத்திக்கிட்டு உதைச்சன். ஒரே உதையில ஸ்டார்ட் ஆகிட்டு. பக்கத்து வீட்டுக்காரர்ட புது மோட்டார் சைக்கிள். அது ஸ்டார்ட் ஆகல்ல.”

பாதித் தேநீரை வைத்துவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கடல் குளம்போலக் கிடந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பிறகு எழும்பிப்போய், கடலைப் பார்த்து நின்ற என் ஸ்கூட்டரைத் திருப்பி நிறுத்தினேன்.