கந்தப்பரின் நெஞ்சில் கீறிய பெட்டி

1. இஞ்சினிலிருந்து எக்ஸ்ரேக்கு

மூன்றாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அதற்காகப் பள்ளிக்கூடம் அழுததாகத் தெரியவில்லை. பருத்தித்துறையில் மோட்டார் கராச்சில் இஞ்சின் கழுவினேன். பிறகு பூட்டிக் கழற்றப் பழகினேன். இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சற்று முந்தி யாழ்ப்பாணத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு இஞ்சின்காரனாக வந்தேன். எக்ஸ்ரே மெசினுக்குக் கரண்ட் கொடுப்பது அந்த இஞ்சின். அங்கே படம் பிடித்த படித்த பெடியன் ஒரு மழைநாளில் ஷொக் வாங்கினான். அடுத்த நாளே கந்தோர் உத்தியோகம் தேடிக்கொண்டு ஓடிவிட்டான். டொக்ரர் என்னைப் பார்த்தார். நான் "ஓம் சேர்" என்றேன். நேர்முகப் பரீட்சை அவ்வளவுதான்.

அதன் பிறகு எத்தனையோ டொக்ரர்மார் மாறினார்கள். நான் மாறவில்லை. எக்ஸ்ரேப் படம் விழுந்த பிளேற்றைக் கழுவுவதில் என்னை வெல்ல வடக்கில் ஆள் இல்லை. இதை நானே சொல்லக்கூடாதுதான். சொல்லவேண்டியவர்கள் சொல்லாதபடியால் சொல்கிறேன்.

2. நல்ல செய்தி

புத்தூர்க் கந்தப்பர் புகையிலை வியாபாரி. சுருட்டுப் புகை நெஞ்சுச் சளியை முறிக்கும் என்று சொல்லி விற்றவர். சொன்னதைத் தானும் நம்பி, வாயில் நெருப்பு அணையாமல் பார்த்துக்கொண்டவர். அவரை நான் குறை சொல்லமாட்டேன். அவருடைய பிளேற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த எங்கள் டொக்ரரும் பைப்பிலே புகை விட்டுக்கொண்டுதான் பார்த்தார்.

கந்தப்பர் இருமும்போது இரத்தம் வந்தது. ஊர் உடனே கசம், ஒட்டிக்கொள்ளும் ரி.பி. நோய், என்று தீர்ப்புச் சொன்னது. வீட்டில் அவருடைய கோப்பையும் செம்பும் தனியே போயின. மகளுக்குப் பேசிவந்த சம்பந்தக்காரர் பேச்சை நிறுத்தினார்கள். நான் பிடித்த பிளேற்றில் வலது பக்கம், மேலே, முட்டை அளவில் ஒரு வெள்ளை தெரிந்தது. டொக்ரருக்கு அது கசமாகப் படவில்லை. கொழும்புக்கு அனுப்பினார். அங்கே குழாய் விட்டுப் பார்த்துப் புற்று என்று சொன்னார்கள்.

செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் கந்தப்பரின் மைத்துனர் அம்பலவாணர். மலாயாவில் நில அளவைக் கந்தோரில் கிளார்க்காக இருந்து பென்சனோடு திரும்பியவர். பென்சனோடு சகல சாத்திரமும் கிடைத்திருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"கசம் இல்லையாம் ஐசே. வெறும் கான்சர்தானாம்."

வீட்டில் பிள்ளையாருக்குப் பொங்கினார்கள். சம்பந்தக்காரர் திரும்பி வந்தார்கள். கோப்பையும் செம்பும் பழைய இடத்துக்கு வந்தன. கந்தப்பர் மட்டும் என்னிடம் தனியாகக் கேட்டார்.

"தம்பி, உது மாறுமே?"

"என்ரை மெசின் பாக்கும் அண்ணை. கொழும்பிலை இருக்கிற மெசின் சுடும். கட்டி சுருங்கினால் மூச்சு வரும், ரத்தம் நிக்கும் எண்டு டொக்ரர் சொல்லுறார்."

மாறிச் சுகமாகும் என்று டொக்ரர் சொல்லவில்லை. அதனால் நானும் சொல்லவில்லை.

3. நெஞ்சு நனையாத முழுக்கு

கொழும்பு டொக்ரர் அளந்து பார்த்து, கந்தப்பரின் நெஞ்சிலும் முதுகிலும் ஊதா மையால் ஒவ்வொரு பெட்டி கீறினார். கதிர் அந்தப் பெட்டிக்குள்தான் இறங்கவேண்டும். வைத்தியம் முடியும்வரை சோப் கூடாது, எண்ணெய் கூடாது, தண்ணீர் கூடாது. மெசினுக்குக் காத்திருக்கும் சனம் அதிகம். கோடு அழிந்தால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று கண்டிப்பாகச் சொன்னாராம்.

வைத்தியம் தொடங்குமுன்னே தந்தி வந்தது. கந்தப்பரின் தாய் மோசம் போய்விட்டார். கொள்ளி வைக்க ஒரே மகன். கெஞ்சி லீவு வாங்கிக்கொண்டு மெயில் ரெயிலில் வந்து இறங்கினார்.

அம்பலவாணர் என்னிடம் வந்து றப்பர் சீற்றொன்று வாங்கிப்போனார். அதை மைத்துனரின் உடம்பைச் சுற்றிக் கட்டி, பூசினிக்காயைப் பொதி கட்டியதுபோல் கிணற்றடியில் நிறுத்தினாராம். தலையில் வார்த்தார்கள். தண்ணீர் றப்பரில் வழுகிப் போனது. தாயின் தமக்கை பொன்னாச்சி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நெஞ்சு நனையாமல் என்ன முழுக்கடா? அவள் உன்னை நெஞ்சிலை போட்டெல்லோ வளத்தவள்."

கந்தப்பர் தன் கையாலேயே சீற்றை அவிழ்த்தார். முதல் வாளிக்குப் பெட்டி மங்கியது. பிறகு அது இருந்த இடமே இல்லை.

4. அடிமட்டக்காரர்

காடாற்று முடிந்து மெயில் ஏறுகிற நாள், கந்தப்பரையும் கூட்டிக்கொண்டு அம்பலவாணர் என் அறைக்கு வந்தார். சேட்டைக் கழற்றச் சொன்னார். நெஞ்சில் புதிதாக ஒரு பெட்டி, முதுகில் இன்னொன்று. அடிமட்டக் கட்டை வைத்து ஊதா மையால் கீறியவை. அப்படி ஒரு வடிவான பெட்டியை நான் கண்டதில்லை. மூலைகள் எல்லாம் நேர். மலாயாவில் இந்தக் கையால் எத்தனை தோட்டத்துக்கு எல்லை விழுந்ததோ.

ஒரு சின்னக் குறைதான். அது எங்கே இருக்கவேண்டும் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. மனைவி முலைக்காம்புக்கு மேலே என்றாராம், வரப்போகிற மருமகன் கீழே என்றாராம். பென்சன்காரர் நடுவே வைத்துச் சமாதானம் செய்துவிட்டார்.

"நீர் ஒருக்காப் பாத்து ஓம் எண்டு சொல்லும் ஐசே, போதும்."

கந்தப்பர் அதற்கு மேலே போனார். "தம்பி, பிழையெண்டால் நீயே கீறு. என்ரை உள்ளுக்கை பாத்தவன் நீதானே."

அந்த அறையில் அதுவரை நான் ஒன்றுக்கும் தெரியாது என்று சொன்னதில்லை. சனம் என்னைச் சின்ன டொக்ரர் என்று கூப்பிட்ட காலம். மைப் புட்டியும் முன்னால் இருந்தது. பிளேற்றில் கட்டியை எனக்குத் தெரியும்தான். ஆனால் எந்தச் சரிவில் கதிரை விட்டால் அது கட்டியில் படும், எது தப்பும் என்பது கொழும்பு டொக்ரரின் கணக்கு. கட்டி ஓரிடம், பெட்டி ஓரிடம் என்றால் மெசின் நல்ல நுரையீரலைச் சுட்டுக்கொண்டிருக்கும். புற்று நிழலில் இருந்து வளரும்.

"எனக்குத் தெரியேல்லை" என்றேன்.

சொல்லிவிட்டு, பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து அந்த வடிவான பெட்டியைத் துடைத்தேன். அவரைத் திருப்பி முதுகையும் துடைத்தேன்.

அம்பலவாணர் மலாயாவில் பழகிய பாஷையெல்லாம் பேசினார். பிறகு தமிழுக்கு வந்தார். "விசரே உமக்கு? கோடில்லாமல் போனால் அந்தாள் இவரை மெசினிலை ஏத்துமே? இடம் போனால் நீரோ பொறுப்பு?"

"இடம் போனால் இன்னொரு இடம் கேக்கலாம். பிழையான இடத்திலை சுட்டால் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?"

கந்தப்பர் இருமினார். வாயைத் துடைத்த கைலேஞ்சியைப் பார்த்து மடித்து வைத்தார். "அப்ப நான் டொக்ரருக்கு என்ன சொல்லுறது?"

"அம்மா செத்தவ, முழுகினன் எண்டு சொல்லுங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம்."

என்னைப் பார்க்காமலே சேட்டைப் போட்டுக்கொண்டு போனார்.

5. பிறகு

கொழும்பு டொக்ரர் தாறுமாறாக ஏசினாராம். கந்தப்பரின் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்தும் விட்டாராம். கந்தப்பர் வராந்தாவில் காத்துக் கிடந்தார். புத்தூரில் அம்பலவாணர் நான் ஆளைக் கொன்றுவிட்டேன் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார். அந்த நாட்களில் நான் புத்தூர்ப் பக்கம் சைக்கிள் விடவில்லை.

பிறகு டொக்ரர் மறுபடி அளந்தார், மறுபடி கீறினார், கதிர் விட்டார். கந்தப்பர் திரும்பி வந்து என்னிடம் பிளேற் எடுக்க நின்றபோது நெஞ்சுத் தோல் கறுத்துப்போயிருந்தது. இரத்தம் நின்றிருந்தது. முட்டை பாக்களவாயிருந்தது. பிளேற் எடுக்கும்போது "மூச்சைப் பிடியுங்கோ" என்று நாங்கள் சொல்வது வழக்கம். முன்பு பிடிக்க முடியாமல் தவித்த மனிதர், இப்போது நான் விடச் சொல்லும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.

அம்பலவாணரும் கதையை மாற்றினார். கோட்டைத் துடைக்கச் சொன்னதே தான்தானாம். நான் மறுக்கவில்லை. பென்சன்காரருக்கும் ஏதாவது வேலை வேண்டும்.

கந்தப்பர் சுகமானார் என்று பொய் சொல்லமாட்டேன். புற்று திரும்பி வந்து கொண்டுபோனது. அதற்கிடையில் மகளைக் கட்டிக்கொடுத்தார். தோட்டத்தில் நின்று கதைத்தார். படுத்து நித்திரை கொண்டார்.

எக்ஸ்ரே பழக வருகிற பிள்ளைகளே, நோயாளி உங்களைப் பெரிய ஆள் என்று நம்பிக் கேட்பான். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். மரியாதை குறையும்தான். எனக்குப் புத்தூரில் சில கிழமை குறைந்தது. கந்தப்பருக்கு இரண்டு புகையிலைப் போகம் கூடியது.