முன்தண்டுக்கு ஒரு தொடை

வண்டி குடைசாய்ந்து முறிந்த கால் அது. அரியலூரில் மாவுக்கட்டை அவிழ்த்தபோது என் வீட்டுக்காரரின் இடது தொடை சூம்பிக் கிடந்தது.

எங்கள் கொள்ளிடக்கரை ஊரில் சாமிப் பல்லக்கின் முன்தண்டு அவருடைய இடம். கோயில் வாசல் தாழ்வு. அலங்காரம் இடிக்காமலிருக்க, பல்லக்கைத் தோளில் வைத்தபடியே முழங்காலை மடக்கி, பாதி குந்தினாற்போலப் பத்தடி நடந்து, வெளியே வந்ததும் நிமிர வேண்டும். தோளெல்லாம் பேருக்குத்தான், வேலை முழுக்கத் தொடைக்கு.

"இந்த வருசம் நான் நிக்கிறேண்ணே, நீங்க குடையப் புடிச்சுட்டு வாங்க" என்றார் இவருடைய பங்காளி ஒருவர். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். இவருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் ஆற்று மணலைச் சாக்கில் கட்டி முதுகில் போட்டுக்கொண்டு பஸ்கி எடுக்க ஆரம்பித்தார். ஐந்தாவது தடவை குந்தி எழுவதற்குள் இடது கால் வெடவெடத்தது. நான் கயிற்றால் இரண்டு தொடையையும் அளந்து முடிச்சுப் போட்டேன். நாலு விரல் வித்தியாசம். "என்னத்த அளக்குற, ஆட்டுத் தொடையா?" என்று எரிந்து விழுந்தார். பிறகு வெள்ளிக்கிழமைதோறும் அவரே கயிற்றைக் கேட்பார்.

நாலு விரல் மூன்றானபோது சாக்குக் கிழிந்தது. உலகச் சண்டை நடந்த காலம், வேறு சாக்குக் கிடைப்பது குதிரைக் கொம்பு. மனுசன் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. கதவைத் தாழிட்டேன்.

"குனிங்க."

"எதுக்கு புள்ள?"

"மணலுக்குப் பதிலா நான். பேசாம எந்திரிங்க."

மாமியார் கொல்லைக்குப் போனதும் தினமும் உப்புமூட்டை ஏறினேன். சிரிப்பு வராமலிருக்க முந்தானையைக் கடித்துக்கொள்வேன். சில நாளில் சிரிப்பு நின்றுபோனது. நடுங்கிக்கொண்டே அந்தக் கால் ஒவ்வொரு தடவையும் என்னைத் தூக்கியது. இவ்வளவு வைராக்கியம் இவரிடம் இருப்பது எனக்குத் தெரியாது. கட்டிக்கொண்டு ஏழு வருசத்தில் அவரை வாய்பிளந்து பார்த்தது அப்போதுதான்.

திருவிழாவன்றும் இடது தொடை ஒரு விரல் குறைவாகத்தான் இருந்தது. ஆனாலும் முன்தண்டில் போய் நின்றார். பங்காளி குடையோடு பக்கத்திலேயே வந்தார். வாசலில் இவர் காலை மடக்கினார். வேட்டிக்குள் இடது தொடை ஆடுவது எனக்குத் தெரிந்தது. பத்தடி நடந்தார். நிமிர்ந்தார். மேளச் சத்தத்தில் நான் அழுதது யாருக்கும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து மெல்லச் சொன்னார்: "குனியறப்ப சாமிய நெனைக்கல புள்ள. முதுகுல நீதான் இருக்கேன்னு நெனச்சுக்கிட்டேன். எந்திரிச்சுட்டேன்."

"சாமிக் குத்தம் ஆயிடும், கன்னத்துல போட்டுக்குங்க" என்று அதட்டினேன். அதட்டினேனே தவிர, இன்னொரு தடவை சொல்ல மாட்டாரா என்றிருந்தது.