காணாக்கடியும் மைனியும்

முதல் தடிப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் உட்கார்ந்திருக்கும்போது வந்தது. பாட்டு முடிவதற்குள் இரண்டு கைகளிலும் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்த திட்டுகள். சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டேன். மாலைக்குள் சுவடில்லாமல் மறைந்துவிட்டன. மறுநாள் முதுகிலும் தொடையிலும் எழும்பின. எங்கள் பக்கம் இதைக் காணாக்கடி என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத எதுவோ கடித்துவிட்டது என்று அர்த்தம்.

எது கடித்தது என்று அம்மா உடனே கண்டுபிடித்துவிட்டாள். தடிப்பு வந்ததற்கு முந்தின நாள்தான் அண்ணன் மனைவி, என் மைனி, முட்டத்திலிருந்து இரணியலில் எங்கள் வீட்டுக்கு பஸ் ஏறி, சாளை மீன் குழம்பு கொண்டுவந்து தந்திருந்தாள்.

"ஏட்டி, அது பழைய மீனாக்கும். நான் அப்பமே நினைச்சேன்."

கடற்கரைப் பெண்ணை அண்ணன் விரும்பிக் கட்டியது அம்மாவுக்கு இன்னும் ஆறவில்லை. அதே குழம்பைச் சாப்பிட்ட அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் பேசாமல் இருந்தேன். சொறிந்து சொறிந்து சலித்துப்போயிருந்த எனக்கு, யார்மேலாவது பழி போட்டால் போதும் என்றிருந்தது.

மைனி போனில் கேட்டாள். "நான் தந்த மீனா மக்களே சேரல்ல?"

"தெரியல்ல மைனி."

அதன்பிறகு அவள் மீன் கொண்டுவரவில்லை. கொஞ்ச நாளில் வருவதையும் நிறுத்திவிட்டாள்.

நான் மீனை விட்டேன். முட்டை, கத்தரிக்காய், கடலை என்று ஒவ்வொன்றாக விட்டேன். தடிப்பு மட்டும் விடவில்லை. ஐந்தாவது மாதம் ஒரு காலையில் உதடு வீங்கி, பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்க முடியாமல் போனபோதுதான் நாகர்கோவிலில் தோல் டாக்டரைப் பார்த்தேன். என்னைவிட இளைய பெண்.

"மீனை விட்ட பிறகு நின்னுதா?"

"இல்லை."

"அப்போ மீன் என்ன செய்யும், பாவம்?"

மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு வட்டம் வரைந்து, உள்ளே புள்ளிகள் வைத்தார். தோலுக்கடியில் இருக்கும் மாஸ்ட் செல் இது. புள்ளிகளெல்லாம் ஹிஸ்டமின். கிருமியோ விஷமோ வந்தால் செல் அந்த ஹிஸ்டமினைக் கொட்டும். ரத்தக்குழாய் கசிந்து தோல் தடிக்கும், அரிக்கும். பலருக்கு, உடம்பே தவறாக உண்டாக்கிய எதிர்ப்பொருள்கள் இந்தச் செல்களைச் சும்மா தட்டி எழுப்பிவிடுகின்றன. எனக்கும் அப்படித்தான் இருக்கும் என்றார்.

"வெளியிலேருந்து யாரும் உங்களுக்கு ஒண்ணும் செய்யல்ல. மாத்திரையை விடாம போடுங்க. நாளாகும், ஆனா பெரும்பாலும் அடங்கிரும்."

அந்தச் சனிக்கிழமை முட்டம் போனேன். மைனி வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

"மீன் நல்ல மீனுதான்னு எனக்கு அன்னைக்கே தெரியும். நீ அம்மைக்க முன்னால ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

பக்கத்தில் உட்கார்ந்து மீதித் துணிகளை மடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். "அப்பம் நான் சொன்னது?" என்றாள். "தப்பு அம்மா. நான் பேசாம இருந்ததும் தப்பு." அம்மா எழுந்து போய்விட்டாள். ஆனால் அடுத்த வாரம் அண்ணனிடம் போனில், "அவளையும் கூட்டிட்டு வா" என்று சொல்வது என் காதில் விழுந்தது.

மாத்திரை ஒன்று இரண்டானது. ஒன்றரை வருஷத்தில் தடிப்பு மெல்ல மெல்ல அடங்கியது. மைனி இப்போது மாதம் ஒருமுறை வருகிறாள். அவளும் அம்மாவும் இன்னும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. ஒன்றாக உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள்.